தகரக் கூரைச் சர்வகலாசாலை

சீன தேசத்தின் தென்மேற்கு மூலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் குன்மிங் என்னும் நகரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்தில், மண்சுவர் எழுப்பித் தகரம் வேய்ந்த ஒரு வகுப்பறையில் பொருளாதாரம் போதித்துக்கொண்டிருந்த சென் டைசுன் என்ற பேராசிரியர், திடீரென்று பிடித்துக்கொண்ட மழை கூரையின்மேல் விழுந்து எழுப்பிய ஆரவாரத்தில் தம்முடைய குரல் முன்வரிசையைக்கூட எட்டவில்லை என்பதைக் கண்டு, சற்று நேரம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, பிறகு சாக்குக்கட்டியை எடுத்து, ‘பாடத்தை நிறுத்தி மழையை ரசிப்போம்’ என்று பொருள்படும் நான்கே சீன எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டார் என்று அங்கே படித்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நம் ஊர்க் கல்லூரியாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தைச் சனிக்கிழமையன்று ஈடுசெய்ய வேண்டும் என்று மறுநாளே சுற்றறிக்கை வந்திருக்கும்.

புயல் அடித்தாலும், வெள்ளம் புகுந்தாலும், கொள்ளைநோய் பரவினாலும், யுத்தமே மூண்டாலும் உயர்கல்வி அறுபடாமல் நடக்க வேண்டுமானால் என்ன செய்வது என்ற கேள்வி இந்நாளில் எழும்போதெல்லாம், கணினி, கைப்பேசி, காணொளி என்று சாதனங்களின் பெயர்களே பதிலாக வந்து விழுகின்றன. சாதனங்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவை இல்லாதிருந்தால் சென்ற சில வருஷங்களில் நம் பிள்ளைகளில் பலர் புத்தக வாசனையையே மறந்திருப்பார்கள். ஆனாலும், மின்சாரமே நிச்சயமில்லாத ஓர் ஊரில், மூன்று சர்வகலாசாலைகள் ஒன்றுகூடி எட்டு வருஷம் பாடம் நடத்திய கதையைப் படித்த பிறகு, அந்தக் கேள்வியின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

1937ஆம் வருஷம் ஜூலை 7ஆம் தேதி பீகிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பானியருக்கும் சீனருக்கும் மூண்ட சண்டை அந்த மாத இறுதிக்குள் வடசீனத்தின் பெருநகரங்களை விழுங்கியது. தியான்ஜின் நகரத்திலிருந்த நான்கை சர்வகலாசாலையை ஜப்பானியர் குண்டு வீசித் தரைமட்டமாக்கினர். பீகிங் சர்வகலாசாலையும் சிங்ஹுவா சர்வகலாசாலையும் பகைவர் வசமான நகரத்தில் அகப்பட்டுக்கொண்டன. கட்டடம் போனால் கல்லூரி போயிற்று என்று கைகழுவிவிடாமல், இம்மூன்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் கிடைத்த ரயிலிலும் கப்பலிலும் ஏறித் தெற்கே சாங்ஷா நகரத்தில் வந்து சேர்ந்து, நவம்பர் முதல் தேதியன்றே தற்காலிக சர்வகலாசாலை என்ற பெயரில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தற்காலிகமும் நிலைக்கவில்லை. டிசம்பரில் தலைநகரமான நான்கிங் வீழ்ந்தது. சாங்ஷாவின்மேலும் விமானங்கள் வரத் தலைப்பட்டன. ஆகவே இன்னும் மேற்கே, மலைகளுக்கு அப்பால், யுன்னான் மாகாணத்தின் தலைநகரமான குன்மிங்குக்குப் போய்விடுவது என்று தீர்மானமாயிற்று.

பெண்களும் தேக பலம் குறைந்தவர்களும் ஹாங்காங் வழியாகக் கப்பலில் ஹைபாங் சென்று, அங்கிருந்து பிரெஞ்சுக்காரர் போட்ட குறுகிய இருப்புப்பாதையில் குன்மிங் போனார்கள். சிலர் மோட்டார் வண்டிகளில் குவாங்ஸி மார்க்கமாகச் சென்றார்கள். எஞ்சியவர்களில் இருநூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களும் பதினோர் ஆசிரியர்களும் 1938 பிப்ரவரியில் புறப்பட்டு, 68 நாட்களில், ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரத்தை, பெரும்பகுதி கால்நடையாகவே கடந்து, ஏப்ரல் 28ஆம் தேதி குன்மிங்கை அடைந்தார்கள். அவர்களோடு நடந்த கவிஞர் வென் யிதுவோ, ஜப்பானியரை வென்றாலன்றித் தாடியை எடுப்பதில்லை என்று விரதம் பூண்டு, வழியெல்லாம் கண்ட மலைகளையும் கோயில்களையும் பென்சிலால் வரைந்துகொண்டே போனார். பிற்காலத்தில் மூ தான் என்ற புனைபெயரில் பெரும் கவியாக விளங்கிய மாணவர் ஒருவர், ஓர் ஆங்கில அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, மனப்பாடமான பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார் என்றும், குன்மிங் வந்து சேர்ந்தபோது அகராதியில் மிஞ்சியது ஒன்றுமில்லை என்றும் சொல்வார்கள். புத்தகத்தைக் கிழிப்பது மகாபாவம் என்று வளர்க்கப்பட்ட எனக்கு இது கொஞ்சம் நெருடினாலும், சுமையைக் குறைத்துக்கொண்டே சரக்கைப் பெருக்கிக்கொள்ள இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

குன்மிங்கில் அவர்களுக்கு அரண்மனை காத்திருக்கவில்லை. தேசிய தென்மேற்குக் கூட்டுச் சர்வகலாசாலை என்பது அதன் நீண்ட பெயர். எல்லாரும் சுருக்கமாக லியன்தா என்றே அழைத்தார்கள். மாணவர் விடுதிக்குப் புல்கூரை, வகுப்பறைக்குத் தகரக்கூரை, இரண்டுக்கும் மண்சுவர். விடுதியின் ஒவ்வொரு கொட்டகையிலும் நாற்பது பேர். மேஜைக்குப் பதிலாகக் காலிப் பெட்டிகள். நூல்நிலையத்தில் இடம் போதாமையால் மாணவர்கள் தெருவோரத் தேநீர்க் கடைகளில் ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் படித்தார்கள். கடைக்காரர்களும் முகம் சுளிக்கவில்லையாம். இத்தனைக்கும்மேல், 1938 செப்டம்பரில் தொடங்கி, ஆகாயத் தாக்குதல்கள். ஊதல் கேட்டவுடன் ஆசிரியரும் மாணவரும் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு நகரத்துக்கு வெளியேயுள்ள குன்றுகளுக்கும் இடுகாட்டு மேடுகளுக்கும் நடப்பார்கள். அபாயம் நீங்கிய பிறகு திரும்புவார்கள். விமானங்கள் பெரும்பாலும் நடுப்பகலில் வருவதைக் கவனித்துவிட்டு, விடியற்காலையிலும் பிற்பகலிலுமாக வகுப்புகளை மாற்றி வைத்துக்கொண்டார்கள். பகைவனுடைய கால அட்டவணைக்கு ஏற்பத் தங்களுடைய கால அட்டவணையைத் திருத்திக்கொண்ட கல்லூரி உலகத்தில் வேறெதுவும் உண்டோ என்னவோ!

அங்கே மாணவராயிருந்து பிறகு புகழ்பெற்ற எழுத்தாளரான வாங் ஸெங்ச்சி, இந்த ஓட்டங்களைப் பற்றி எழுதுகையில், ஊதல் கேட்டும் ஓடாதவர்கள் சிலரைக் குறிப்பிடுகிறார். ஒரு மாணவி, மற்ற எல்லாரும் போய்விட்டால் வெந்நீருக்குப் போட்டியில்லை என்பதால், அந்தச் சமயம் பார்த்துத் தலைக்குக் குளிப்பாளாம்; இன்னொரு மாணவர் ஆளற்ற அடுப்பில் தாமரை விதை வேகவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இதைப் படித்துவிட்டு அங்கே எல்லாம் வேடிக்கையாக நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தத்துவப் பேராசிரியர் ஜின் யுவெலின், அறிவைப் பற்றித் தாம் எழுதிய மாபெரும் நூலின் கைப்பிரதியைத் தாக்குதலின்போது குன்றுக்கு எடுத்துச் சென்று, அதன்மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அபாயம் நீங்கியதும் மறதியாக எழுந்து வந்துவிட்டார்; திரும்பிப் போய்த் தேடியபோது அது இல்லை. பல லட்சம் எழுத்துகள். அவர் மறுபடியும் முதலிலிருந்து எழுதினார்; பல வருஷங்கள் பிடித்தன. விலைவாசி ஏறிச் சம்பளம் காகிதமானபோது, வென் யிதுவோ முத்திரைகள் செதுக்கி விற்றார். சர்வகலாசாலையை நடத்திய மெய் யீச்சியின் மனைவி மாவுப் பணியாரம் செய்து கூடையில் வைத்து விற்றுவந்தார்.

கலையும் இலக்கியமும் போதிப்பவனுக்குக் கரும்பலகை போதும்; சோதனைசாலை வேண்டுகிறவன் என்ன செய்வான்? எந்த விபத்திலும் முதலில் ஒடிகிற கிளை இதுவே. பௌதிகப் பேராசிரியர் வூ தாயூ, ஒளியைப் பிரித்துக் காட்டும் முப்பட்டைக் கண்ணாடி ஒன்றை மரச்சட்டத்தின்மேல் பொருத்தி, அதையே நிறமாலைக் கருவியாக்கிக்கொண்டு ஆராய்ச்சியை நடத்தினார். அவரிடம் அந்நாளில் பாடம் கேட்ட யாங் சென்நிங், லீ ட்ஸுங்தாவ் என்ற இரண்டு பிள்ளைகள் 1957ஆம் வருஷம் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கஷ்டப்பட்டதனால்தான் மேதைகள் உண்டானார்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணுகிறவர்கள் உண்டு. பட்டினி போட்டால் படிப்பு வரும் என்னும் அந்தச் சித்தாந்தத்தை நான் ஏற்பதற்கில்லை. நல்ல ஆசிரியர்கள் கலைந்துபோகாமல் ஓரிடத்தில் இருந்தார்கள் என்பதே காரணம்.

எனக்கு ஆச்சரியம் தருவது, அவர்கள் எதையெதை விட்டார்கள், எதை விடவில்லை என்பது. கட்டடத்தை விட்டார்கள், அட்டவணையை விட்டார்கள், மழை வந்தால் ஒரு மணிப் பாடத்தையும் விட்டார்கள். பரீட்சையின் கண்டிப்பை விடவில்லை. அங்கே பயின்றவர் சுமார் 8,000 பேர். பட்டம் பெற்றவர் 4,000 பேருக்கும் குறைவு. இந்த வித்தியாசத்தில் வறுமைக்கும், பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டென்றாலும், ‘யுத்த காலமாயிற்றே’ என்று மதிப்பெண்ணை இளக்கிக் கொடுக்கும் தர்மசிந்தை அந்த ஆசிரியர்களுக்கு இருக்கவில்லை. தேச முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் என்று கல்வி அமைச்சகம் உத்தரவிட்டபோதும், எதைப் போதிப்பது என்பதை ஆசிரியர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்று 1940இல் எழுத்து மூலமாகவே மறுப்புத் தெரிவித்தார்கள். புல்கூரைக்கு இணங்கியவர்கள் இதற்கு இணங்கவில்லை.

நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவது நம் முன்னோர்களுக்கும் தெரியாத சங்கதியல்ல. வேதம் ஓதுவதற்கு ஆகாத காலத்தை அநத்யயனம் என்று பெயரிட்டு, தர்மசாஸ்திரங்கள் அதற்கு ஒரு நீண்ட பட்டியலே வகுத்து வைத்திருக்கின்றன. மின்னலும் இடியும் மழையும் கூடி வந்தால் அநத்யயனம். பூமி அதிர்ந்தால், எரிகொள்ளி விழுந்தால், புழுதிக்காற்று எழும்பினால் அநத்யயனம். ஊரில் திருடர் புகுந்தாலும், தீப்பிடித்துக் கலவரமானாலும், அழுகுரல் கேட்டாலும் அநத்யயனம். பவபூதியின் உத்தரராமசரிதத்தில், ஆசிரமத்துக்குப் பெரியவர்கள் விருந்தாக வந்ததால் கிடைத்த விடுமுறையைக் கொண்டாடி இரண்டு சிஷ்யப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றுண்டு. இன்று தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து, கலெக்டர் எந்தெந்த ஜில்லாவுக்கு லீவு விட்டார் என்று விடியற்காலையில் காத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் நேர் மூதாதைகள். ஆனால் சாஸ்திரம் விதித்த நிறுத்தம், குருகுலம் கலையாதிருக்கிற நிலையில் வாய் மூடுவது மட்டுமே. குருவும் சிஷ்யனும் ஒரே கூரையின்கீழ்தான் இருந்தார்கள். இடி ஓய்ந்ததும் விட்ட இடத்தில் எடுத்துக்கொள்வார்கள். நம்முடைய விடுமுறையிலோ ஆளுக்கொரு திக்காகப் போய்விடுகிறோம். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி வாரம் கழிகிறது.

ஆளுக்கொரு திக்காகப் போனவர்களை மறுபடி சேர்த்தெடுத்த கதையும் ஒன்று இருக்கிறது. 2005ஆம் வருஷம் ஆகஸ்டு 27ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டுலேன் சர்வகலாசாலையில் புதிய மாணவர்கள் பெற்றோரோடு வந்து பெட்டி படுக்கைகளை அறைகளில் இறக்கிய அன்றே, கட்ரீனா சூறாவளி வருகிறது, நகரத்தைவிட்டு வெளியேறுங்கள் என்று சொல்லப்பட்டது. 29ஆம் தேதி சூறாவளி கரையேறிற்று. நகரத்தைக் காத்த தடுப்புச் சுவர்கள் உடைந்தன. சர்வகலாசாலையின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. அந்தப் பருவத்தை முழுவதும் ரத்து செய்துவிட்டதாகத் தலைவர் ஸ்காட் கவன் அறிவிக்க, மாணவர்கள் நாடெங்கும் சிதறி, நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் விருந்தாளிகளாகச் சேர்ந்தார்கள். இவன் இன்ன பாடம் படித்தான், இத்தனை மதிப்பெண் பெற்றான் என்று காட்டும் பதிவேடுகள் எட்டாத நிலையில், பல கல்லூரிகள் மாணவனுடைய வாய்வார்த்தையை நம்பி இடம் கொடுத்தன; பல இடங்களில் தனியே கட்டணமும் வாங்கவில்லை. கணக்குகளையும் சம்பளப் பட்டியலையும் மீட்பதற்காக ஊழியர்கள் வெள்ளத்தில் மூழ்கிய நகரத்துக்குத் திரும்பிச் சென்று, உயரமான ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து கணினிப் பதிவு நாடாச் சுருள்களைத் தூக்கி வர வேண்டியிருந்தது. 2006 ஜனவரி 17ஆம் தேதி மறுபடி வாசல் திறந்தபோது மாணவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்; இழந்த காலத்தை ஈடுசெய்ய அந்தக் கோடையில் ஒரு கூடுதல் பருவமும் நடத்தப்பட்டது. அந்த ஊர்ப் பேச்சில் ‘கொசுறு’ என்று பொருள்படும் சொல்லால் அந்தப் பருவத்துக்குப் பெயரும் வைத்தார்கள். இதே நிர்வாகம், செலவைக் குறைப்பதற்காகப் பொறியியல் துறைகள் பலவற்றை மூடியதும் சரித்திரம்தான். தடுப்புச் சுவர் உடைந்து மூழ்கிய நகரத்தின் சர்வகலாசாலை, சுவர் கட்டச் சொல்லிக்கொடுக்கும் துறையையும் அந்த வரிசையில் சேர்த்து மூடிய விந்தையை என்னவென்பது!

பதிவேடு என்றவுடன் எனக்கு ஒரு பையனுடைய ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு கரைபுரண்டு, அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுகளையெல்லாம் ஒத்திவைத்த அந்தச் சமயத்தில் நான் ஒரு கல்லூரியில் ரசாயனம் போதித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கல்லூரி திறந்தபோது, முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒரு துணிப்பையிலிருந்து தன் ரெக்கார்டு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். மொட்டைமாடியில் காயவைத்து, பக்கங்களைச் சவரப் பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறான். அட்டை உப்பி, கோடெல்லாம் நீலமாகக் கரைந்து, நான் போட்ட சிவப்பு மைக் கையெழுத்துகள் மட்டும் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடந்தன. “சார், மறுபடியும் முழுசா எழுதணுமா?” என்று கேட்டான். ரெக்கார்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு அனுமதியில்லை என்பது விதி. விதியை மீற நிர்வாகத்துக்கு மனமில்லை. “எழுதிக் கொடுத்துடுப்பா” என்றுதான் நானும் சொன்னேன். வீட்டில் பாத்திரம் பண்டம்கூட மிஞ்சாத அந்தப் பையன் பத்து நாள் ராத்திரி கண்விழித்து, முன்பே செய்து முடித்த சோதனைகளை நண்பனுடைய நோட்டைப் பார்த்துப் பிரதி பண்ணிக் கொண்டுவந்தான். நானும் பழைய தேதிகளைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தப் பத்து நாளில் அவன் கற்றது ஒன்றுமில்லை. பியூரெட்டைக் கையில் கொடுத்து எதிரே நிற்கவைத்திருந்தால், அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது பத்து நிமிஷத்தில் விளங்கியிருக்கும். குன்மிங்காரர்கள் நோட்டை விட்டுவிட்டுச் சோதனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் நோட்டைப் பிடித்துக்கொண்டோம்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020 மார்ச்சில் மூடிய கல்லூரிகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. கைப்பேசித் திரையில் கறுப்புச் சதுரங்களாக வரிசைகட்டி நின்ற பெயர்களைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, “கேக்குதாப்பா?” என்று கேட்டால், எங்கோ ஒரு சதுரத்திலிருந்து ஆடு கத்தும் சத்தம் மட்டும் வரும். மழையை ரசிக்கச் சொன்ன சென் டைசுனுக்கு எதிரே முகங்கள் இருந்தன என்பதை அன்றைக்குத்தான் நான் எண்ணிப் பார்த்தேன். மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது 2021 ஜனவரியில். அதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. இடையே, கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வந்து, தெருத்தெருவாகச் சுவரொட்டி ஒட்டி மாணவர்கள் கொண்டாடியதும், அது நியாயஸ்தலம் வரையில் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். விடக்கூடாததை விட்டுக்கொடுப்பதற்கு அதைப்போல ஒரு திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. மறுபுறத்தில், திரையில் பாடம் எடுப்பதை முதல் வாரமே கைவிட்டு, குரலைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, சாயங்காலத்தில் நாலு நாலு பேராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்ட ஆசிரியை ஒருவரையும் எனக்குத் தெரியும். சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி, பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி வரும்போது அந்தப் பதிவுகளை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கேட்பாளாம். அந்த ஆசிரியை எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனவரல்ல.

1945இல் யுத்தம் முடிந்தது. வென் யிதுவோ சொன்னபடி தாடியை எடுத்துவிட்டார். 1946 கோடையில் மூன்று சர்வகலாசாலைகளும் பிரிந்து தத்தம் ஊருக்குத் திரும்பின, அவரோ திரும்பவில்லை. ஜூலை 15ஆம் தேதி, கொலையுண்ட நண்பர் ஒருவருக்காகக் கூட்டத்தில் பேசிய அதே நாளில், வீடு திரும்பும் வழியில், குன்மிங் தெருவிலேயே அவரையும் சுட்டுக் கொன்றார்கள். போகிறவர்கள் அந்த ஊருக்கு நன்றியாக ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை மட்டும் விட்டுச் சென்றார்கள். அதுவே இன்றைய யுன்னான் ஆசிரியப் பல்கலைக்கழகம். அதன் வளாகத்தில், பெரிய பெரிய கட்டடங்களுக்கு நடுவே, மண்சுவரும் தகரக்கூரையுமாகப் பழைய வகுப்பறை ஒன்றை இன்னும் காத்து வைத்திருக்கிறார்கள். குன்மிங்கில் மழைக்காலம் மே மாதத்தில் தொடங்கும்.